மந்தைவெளி ஃபிளாட்டும் இரண்டு புரோக்கர்களும்

ஜூலை 18, வெள்ளி

புரோக்கர் பாபுவையே வைத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது.

மந்தைவெளி ஃபிளாட்டை முதலில் காட்டியவர் ரத்தினம். போன வாரம் வாசலிலேயே என்னை நிறுத்தி, "சார், ஓனரோட சம்சாரம் போன மாசம் இந்த வூட்லதான் தவறிட்டாங்க. பாவம், இன்னிக்கு வெல பேச வேணாம்" என்று மெல்லச் சொன்னார். நானும் பேசவில்லை.

இன்று அதே ஃபிளாட்டுக்கு என்னையும் மனைவி கீதாவையும் பாபு கூட்டிப்போனான். மாடிப்படி ஏறும்போது ரத்தினம் சொன்னதை அவன் காதில் போட்டுவைத்தேன். ஓனர் எங்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தார். பாபு உட்கார்ந்தபடியே கேட்டான்: "இன்னா சார், சாவு வுய்ந்த வூட்டுக்கு இந்த வெலயா? எவன் வாங்குவான்?"

ஓனர் காபியை ஆற்றி எங்கள் முன் வைத்தார். பிறகு ஐந்து லட்சம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தக் காபியையும் குடித்துவிட்டுத்தான் வந்தோம்.

"இந்த ஆள்தாங்க நமக்குச் சரி" என்றாள் கீதா, தெருவுக்கு வந்ததும்.

சாயங்காலம் ரத்தினத்துக்குப் போன் செய்து, இனி வர வேண்டாம் என்றேன். அவர் கமிஷனைப் பற்றிப் பேசவே இல்லை. "ஓனர் இப்பதான் என்ன வாய்க்கு வந்தபடி திட்னாரு சார். பாபுகிட்ட நான்தான் சொன்னேன்னு நெனச்சுக்கினு கீறாரு. நீங்க எதுனா சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

"தெரியும் சார். நீங்க அப்டிப்பட்ட ஆளு இல்ல" என்றார்.

கீதா மாடுலர் கிச்சன் படங்களை நீட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்கிறாள். அந்தச் சமையலறைக்கு வெள்ளை நன்றாகத்தான் இருக்கும்.