தம்பியின் வழக்கிலிருந்து விலகிய நீதிபதிக்கு

அன்புள்ள மகள் இவோனுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய், சுகமில்லாமல் போக உனக்கு நேரம் ஏது. நீ அனுப்பிய படம் வந்தது. நம் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக நுழைந்தவள், நாற்பது வயதில் அதே இடத்தில் நீதிபதி, இப்போது தென்கடலில் மூன்று தீவுகளுக்கும் சேர்த்துத் தலைமை நீதிபதி. சிவப்பு அங்கி உனக்கு நன்றாக இருக்கிறது, கொஞ்சம் இளைத்திருக்கிறாய். படத்தை அலமாரிக்கு மேல் வைத்தேன், இரண்டு நாள் கழித்து எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

ரொட்டிக்கடையில் ஆல்ஃபின் பெண்சாதி இருக்கிறாளே, தடைக்காலத்தில் ஆர்மர் சிப்பி எடுத்தான் என்று உன் ஒன்றுவிட்ட அண்ணன் ஆல்ஃபை மூன்று வாரம் உள்ளே தள்ளினாயே, அவள்தான். அன்றைக்கு நீ சொன்னதை ஊரே மனப்பாடமாக வைத்திருக்கிறது. "இந்தத் தீவுல எல்லாரும் எனக்குச் சொந்தந்தான், சொந்தம்னு பாத்து விலகினா நான் ஒருநாளும் இந்த நாற்காலியில உக்கார முடியாது" என்றாய். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். இப்போது அவள் ரொட்டியை என் கையில் தருவதில்லை, பலகையில் வைக்கிறாள். போன வாரம், "எங்க ஆளை விசாரிச்சப்ப உங்க மக கண்ணுக்குச் சொந்தம் தெரியல, தம்பின்னதும் தெரிஞ்சிருச்சு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான தெரியும் அத்தை" என்றாள். நான் ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவளுக்கு என்ன தெரியும். நீ விலகியதில் எனக்குக் கோபமில்லை. துறைமுகத்தில் வேண்டாம் என்று தடுத்தும் மூடுபனியில் படகை எடுத்தவன் உன் தம்பி ரெனேதான், பாறையில் மோதி அந்த இரண்டு பயணிகள் செத்ததற்கு அவன்தான் காரணம், அவனே அதை மறுக்கவில்லை. கூண்டில் நிற்பவர் என் தம்பி, நான் விலகுகிறேன் என்று நீ எழுந்து போனது சட்டம். நீதிபதி விலகினால் அக்காள் வந்து உட்கார வேண்டாமா. விசாரணை நடந்த நான்கு நாளும் என் மழைக்கோட்டைப் பக்கத்து இருக்கையில் போட்டு உனக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். முதல் நாள் காலையிலேயே நீ தென்கடல் பதவிக்கு விமானம் ஏறிவிட்டாய் என்பதைச் செய்தித்தாளில்தான் படித்தேன். படித்த பிறகும் கோட்டை எடுக்கவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள், உன் தசையும் சட்டம் படித்திருக்கிறது போல. நம் மூடுபனியை ஒருநாள்கூடப் பார்த்திராத நீதிபதி ஒருவர் இங்கிலாந்திலிருந்து வந்து நான்கு வருடம் சிறை கொடுத்துவிட்டுப் போனார். ரெனே அவரைப் பார்க்கவே இல்லை, அந்தக் காலி இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டிப்போகும்போது, "அக்கா வரலையாம்மா" என்று மட்டும் கேட்டான்.

சனிக்கிழமை சிறைக்குப் போனேன். பன்றிக்கால் போட்டு வேகவைத்த பீன்ஸை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். பார்வையாளர் படிவத்தைப் புதிதாக எழுதச் சொன்னார்கள். என் பெயருக்கு நேரே அம்மா என்று எழுதினான். விடுப்பில் வந்தால் பார்ப்பாளே என்று உன் பெயரையும் நான்தான் எழுதச் சொன்னேன். மறுக்காமல் எழுதினான். உறவு என்ற கட்டம் வந்ததும் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தான். பிறகு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். காவலரும் படித்துப் பார்த்து முத்திரை குத்திவிட்டார்.

இதற்காகத்தான் எழுதுகிறேன். செப்டம்பரில் அவனுடைய மேல்முறையீடு வருகிறது. மூன்று நீதிபதிகள் வேண்டுமாம், ஒருவர் குறைகிறாராம், வெளித்தீவுகளில் இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வக்கீல் சொன்னார். படிவத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி உனக்கு ஒரு தடையும் இல்லை மகளே, தாராளமாக வந்து நாற்காலியில் உட்காரலாம்.

தீவுக்குத் தீவு கப்பலில் போகும்போது கம்பளிக் காலுறை போட்டுக்கொள், உனக்குக் கால்தான் முதலில் குளிரும். ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும் இன்னும் பல தீவுகளும் தரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, செப்டம்பரில் என் பக்கத்து இருக்கையில் கோட்டைப் போட்டு வைக்க மாட்டேன். மழைக்காலம், எனக்கே அது வேண்டும்.

இன்னும் விலகாத உன் அம்மா,
அடீல்