என்னை ஏன் முதல் பாடத்தில் வைத்தாய்?

அன்புள்ள சோபியாவுக்கு,

ஏரிக்கரைக் காலனியிலிருந்து இளவரசி எழுதுகிறேன். அம்மா, நைனா, பிரதாப் அண்ணன் எல்லோரும் நலம். நானும் நலம்தான், ஆனால் உன்மேல் கோபமாக இருக்கிறேன். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதிக் கடிதத்தில் பயந்துபோய் எழுதாமலே விட்டுவிடுவேன்.

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் அண்ணனுடையது. நான் வாயைத் திறந்தால் வீடே காது கொடுக்கும், அப்புறம் எனக்குப் பேச்சே வராது. உன் ரோசி அத்தை அடுத்த வாரம் அமெரிக்காவுக்கு, உங்கள் வீட்டுக்கு விமானம் ஏறுகிறார். இப்போது அவர் குடியிருக்கும் அனுப்பம்பட்டுக்குப் போய் அவரிடம் இதைக் கொடுத்துவிடுவேன். பிரித்துப் படிக்க மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்திருக்கிறார்.

உன் வகுப்பில் நீ அமெரிக்காவின் கதையைப் பேசப்போகிற அன்று நானும் வீடியோ காலில் வரவேண்டும் என்று கேட்டிருந்தாய். வருவேனா மாட்டேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. எழுதிக்கொண்டே முடிவு செய்கிறேன்.

அந்தக் கதையை நீ முன்கூட்டியே பேசி அனுப்பியதை எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். ஒருவர் இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு வழிமாறி அங்கே போய் இறங்கியது, பின்னால் கப்பலில் வந்தவர்கள் குளிரில் பட்டினி கிடந்தது, அந்த மண்ணில் முன்னமே இருந்த ஜனங்கள் அவர்களுக்குச் சோளம் கொடுத்தது, அப்புறம் பதிமூன்று காலனி, ராஜா போட்ட வரி, சண்டை, விடுதலை. எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாய்.

காலனி என்று நீ சொன்னதும் அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாது, அமெரிக்காவே மொத்தம் பதிமூணு காலனிதானா? அங்க தண்ணி லாரி எத்தினி நாளைக்கு ஒரு தபா வருதுன்னு உன் ஃப்ரெண்டாண்ட கேளு" என்றான். அம்மா சிரிக்கவில்லை. "காலனிக்காரங்க ராஜாவையே எதுத்து நின்னாங்களா? பரவால்லியே!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது குடியேற்ற நாடு, நம் காலனி மாதிரி இல்லை என்று எனக்குத் தெரியும். எட்டாவதில் படித்ததுதான். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நான் சொல்லவில்லை.

மறுநாள் ஏரியில் இறங்கியதும் எல்லாப் பெண்களிடமும் அம்மா அதையே சொன்னாள். "அமெரிக்கால காலனிக்காரங்க ராஜாவத் தொரத்தி வுட்டுட்டாங்களாம்" என்று ஒரே பெருமை. காசியம்மா அக்கா சேற்றிலிருந்து கையை எடுக்காமலே, "அப்பால அவங்களுக்குப் பாடு கெடச்சிதா?" என்று கேட்டாள். இங்கே இன்னும் அப்படியேதான் இருக்கிறது சோபி. ஏரியின் நல்ல இடங்களுக்கெல்லாம் மீனவக் குப்பத்துக்காரர்கள் பாடு என்று வலைபோடும் உரிமை வைத்து, சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்கிறார்கள். நம் காலனிக்கு ஒரு பாடும் இல்லை. கரையோரச் சேற்றில் கையால் துழாவிக் கிடைக்கிற இறால்தான் நமக்கு. காசியம்மா அக்கா கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பொறாமை. நீ தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனபோது, எங்காவது தடுக்கி விழமாட்டாயா என்று காத்திருந்தேன். "மாசசூ..." என்று நின்றாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே பக்கத்தில் ஒரு பெண் எடுத்துக் கொடுத்தாள், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். இவதான் ஹேலி, என் பெஞ்சு என்றாய். சந்தோஷம் போய்விட்டது. உன் பெஞ்சில் மூன்று வருஷம் நான் உட்கார்ந்திருந்தேன். நீ தடுக்கினால் நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

உன் டீச்சர் மேலும் பொறாமை. துறைமுகத்தில் டீத்தூளைக் கொட்டியதை நடித்துக் காட்டுவதற்கு ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தாராமே. நம் பள்ளியில் வரைபடம்கூடச் சுவரில் பாதி கிழிந்துதான் தொங்கியது. டச்சுக்காரர்கள் விஷயத்திலும் எனக்குப் பொறாமை. அவர்கள் உன் பக்கமும் வந்தார்களாம், நம் பழவேற்காட்டுக்கும் வந்தார்கள். உன் பக்கம் அவர்கள் தொடங்கிவைத்தது நியூயார்க் ஆகிவிட்டது. நமக்கு விட்டுப்போனது கல்லறையும் அதன் வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடும். பங்கு பிரித்ததிலேயே ஓரவஞ்சனை.

இதெல்லாம் என் புத்தி, உன் தப்பு இல்லை. என் கோபம் வேறு. நீ கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "ஆதியில இருந்த ஜனங்க வலை இல்லாம வெறுங்கையால எப்படிப் புடிச்சாங்கன்னு காட்டணும்டி. உங்களுக்கு அப்போ சாயங்காலம், ஏரியில எறங்க வேணாம். வாசல்ல நின்னு எறாலு போடுற ஓலைப் பறியப் பல்லுல கடிச்சிக் காட்டு, போதும். எல்லாரும் அசந்துடுவாங்க."

எனக்குப் பதினைந்து வயது. நீ சித்திரையில் பிறந்தவள், என்னைவிட மூத்தவள். நீ கடைசிப் பாடத்தில் இருக்கும்போது நான் மட்டும் எப்படி ஆதி ஜனங்களின் முதல் பாடத்துக்குப் போனேன்?

அந்த முதல் ஜனங்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று கேட்கக் காத்திருந்தேன். "அவங்க மேற்கால போய்ட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். யாராவது சும்மா போவார்களா? என்னைப் பற்றி யார் கேட்டாலும் அம்மா, "அது எட்டாவதோட நின்னுட்டுது" என்கிறாள். அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, தனியாகத் தண்ணீரில் இறங்க முடியவில்லை. மீஞ்சூரில் மூட்டை தூக்கும் நைனாவின் கூலி போதவில்லை. வா என்றார்கள், போனேன். சொல்லும்போது மட்டும் நானாக நின்றுவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. அந்த ஜனங்களுக்கும் அப்படித்தான் ஏதோ நடந்திருக்கும். உன் டீச்சரிடம் கேட்டுப் பார்.

டீயைக் கொட்டப் போனவர்கள் அந்தப் பழைய ஜனங்களைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு போனார்கள் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நான் எப்படி வரவேண்டும் என்கிறாய், வேஷமாகவா, ஆளாகவா?

உன் அம்மா குவைத்தில் நர்ஸாக இருந்தபோது, ரோசி அத்தையோடு நீ இங்கே இருந்த வருஷங்களில் சனிக்கிழமை தவறாமல் நீயும் என் பக்கத்தில்தான் துழாவினாய். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறியைப் பல்லில் கடித்து, கிடைத்த இறாலை அதில் போட்டு. பறியின் விளிம்பை நீ மென்று மென்று ஓலையைக் கிழித்ததற்கு ரோசி அத்தை, "எறாலு புடிக்கப் போனியா, பறியத் துன்னப் போனியா?" என்று திட்டியதை எல்லோரும் கேட்டார்கள். நீ பேசி அனுப்பியதில் அந்தச் சோபியா எங்கேயும் இல்லை. "என் ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா" என்றுதான் ஆரம்பித்தாய்.

முடிவு செய்துவிட்டேன். வருகிறேன். ஆனால் முதலில் நீ எழுந்து நின்று, நானும் இப்படிக் கடித்தவள்தான் என்று அவர்கள் பாஷையில் சொல்லவேண்டும். இது ஆதிகாலம் இல்லை, இன்று காலையில் பிடித்தது என்றும் சொல்லவேண்டும். அதற்கப்புறம் நான் முகம் காட்டுகிறேன். சிரித்தார்கள் என்றால் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துச் சிரிக்கட்டும்.

சொல்ல வெட்கமாக இருந்தால் போன் செய்யாதே. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இல்லை, நினைத்துக்கொள்வேன்.

அத்தையிடம் இறால் ஊறுகாய் கொடுத்து அனுப்புகிறேன். ஹேலிக்குத் தராதே, காரம் தாங்கமாட்டாள். ரொம்பக் கேட்டால் விரல் நுனியில் தொட்டுக் கொடு.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எனக்கும் சேர்த்துப் படி என்று எழுத வந்தேன், மனசு வரவில்லை. உனக்காகப் படி, நன்றாகப் படி. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். நீ சொன்ன நாளில் தலைசீவி, அண்ணனிடம் போனை வாங்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். உன் குரலைக் கேட்டுவிட்டுத்தான் நான் பேசுவேன்.

இப்படிக்கு,
ஹேலிக்கு முன்னால் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள்,
இளவரசி