யார் கை என்று பார்க்கக் கூடாது

பாளையங்கோட்டை,
23.1.1996

கர்த்தருக்குள் என் அன்பான அத்தானுக்கு,

யூனிஸ் எழுதுவது. இங்கே நானும் பிரிஸில்லாவும் அத்தையும் தேவ கிருபையால் சுகம். பிரிஸில்லாவுக்குச் சளி தீர்ந்துவிட்டது. அத்தைக்கு மூட்டுவலிதான் பனி போனால் போகும் போலிருக்கிறது. நீங்கள் பம்பாய்க் கடலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, இருமல் எப்படி இருக்கிறது என்று அத்தை கேட்கச் சொன்னார்கள்.

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் பிந்தியதற்குக் கோபப்படாதீர்கள். வாசித்த அன்றே 'உடனே வந்துவிடுங்கள்' என்று ஒரே ஒரு வரி எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். தபால்பெட்டி வரை போனேன். போடாமல் திரும்பிவிட்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

குழாய் பதிக்கும் உங்கள் பார்ஜ் கப்பலில் கிரேன் தூக்கிய குழாய்க் கட்டு, கம்பிக்கயிறு அறுந்து சாய்ந்ததையும், வன்னியராஜ் அதுவரை நின்ற இடத்திலேயே ஒரு குழாய் வந்து குத்தியதையும், தண்ணீர் குடிக்கப் போனதால் அவர் தப்பியதையும் மூன்றே வரியில் எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று வரி என்னை எத்தனை நாள் தூங்கவிடவில்லை என்பதை எழுத மாட்டேன். மிச்சம் இரண்டு பக்கமும் கோபம். யாரைக் கேட்டாலும் 'நான் பார்க்கல சார்' என்கிறார்கள், யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம் என்று சட்டம் போட்டு ஆளுக்கு ஒரு விசில் கொடுத்தும் இந்த சீசனில் ஒருவர்கூட ஊதவில்லை, ஃபோர்மேன் தாணுமாலையன் அண்ணாச்சி முகம் கொடுத்தே பேசுவதில்லை, இவர்களுக்குத் தங்கள் உயிர்மேலேயே அக்கறை இல்லை, இந்த சேப்டி ஆபீசர் வேலையே வேண்டாம், ஊருக்கு வந்து கடை வைத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று.

அத்தான், அவர்களுக்கு அக்கறை இருக்கிறது. அவர்கள் பார்த்தும் இருக்கிறார்கள்.

இனி எழுதப்போவதை நான் சேப்டி ஆபீசருக்கு எழுதவில்லை, என் அத்தானுக்கு எழுதுகிறேன். போன வாரம் உவரியிலிருந்து சபீதா வந்தாள். உங்கள் டெக்கில் வேலை பார்க்கும் சிலுவையின் மனைவி. மாமனாரை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, ஒரு பொட்டலம் கருவாட்டோடு நம் வீட்டுக்கு வந்தாள். குழாய் விழுந்த பேச்சை எடுத்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள். 'கம்பிக்கயித்துல இழை பிரிஞ்சி நின்னத அவரு காலையிலயே பாத்துட்டாராம்க்கா. விசில வாயில வச்சும் வச்சிருக்காரு. எதுக்க அண்ணாச்சி நிக்காரு. வேலையில்லாம கெடந்தவரக் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போன மனுசன்லா? அவரு மொகத்துக்கு நேரா எப்பிடிக்கா விசில் அடிக்க?' என்றாள். அன்றிலிருந்து சிலுவைக்குச் சோறு இறங்கவில்லையாம். அவர் பெயர் உங்கள் வாயிலிருந்து வெளியே வரக் கூடாது. சபீதாவிடம் நான் சத்தியம் செய்திருக்கிறேன்.

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. நீங்கள் பயிற்சிக்குப் போன இடத்தில் விசில் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் நம்ம ஊரில் விசில் அடிப்பது யார்? சினிமாக் கொட்டகையில் அடிப்பார்கள், பெண்பிள்ளைகள் போகும்போது காலிப்பயல்கள் அடிப்பார்கள். நான் காலேஜ் போகையில் விசில் அடித்த ஒருத்தனை முருகன்குறிச்சி முக்கில் நிறுத்தி நீங்கள் அறைந்தது மறந்துபோயிற்றா? அப்படிப்பட்ட நீங்களே, சோறு போட்ட பெரியவர் முகத்தைப் பார்த்து விசில் ஊதச் சொன்னால் எவர் ஊதுவார்? அண்ணாச்சிக்கு உங்கள்மேல் மனத்தாங்கல் வராமல் என்ன செய்யும்?

சபீதா போனதும் அந்த உறையைக் கிழித்துப் போட்டேன். அவர்கள் கண் இல்லாதவர்களாக இருந்தால், உங்களால் திருத்த முடியாது, வந்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். இவர்களுக்குக் கண் இருக்கிறது, வாய்தான் கட்டிக்கிடக்கிறது. அதை அவிழ்க்காமல் நீங்கள் வந்துவிட்டால் அடுத்த குழாய் விழும்போதும் கீழே நிற்பவருக்குத் தாகம் எடுத்திருக்க வேண்டும் என்று நாம் இங்கே உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மறுநாளே பிரிஸில்லாவைத் தூக்கிக்கொண்டு பாபநாசம் பஸ் ஏறினேன். அத்தைக்குப் பிடிக்கவில்லை. ஆபீசர் பெண்டாட்டி ஃபோர்மேன் வீட்டுப் படி ஏறினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார்கள். பேசட்டும். வழியில் ஆற்றைப் பார்த்துவிட்டு உங்கள் மகள், 'இதுதான் அப்பா வேல பாக்குத கடலாம்மா?' என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சத்தம் போட்டாள்.

விக்கிரமசிங்கபுரத்தில் அண்ணாச்சி வீட்டை விசாரித்துப் போனேன். அவர் மனைவி அன்னத்தாய் அக்கா என்னைப் பார்த்ததுமே, 'ஆபீசர் பொண்டாட்டி பஸ் ஏறி வந்திருக்கியே. மொதல்ல காப்பியக் குடி. சண்டையப் பெறவு போடலாம்' என்றார்கள். காப்பி குடிக்கிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. 'எங்க வீட்டுக்காரரு எத்தன வீட்டுல அடுப்பு எரிய வச்சிருக்காக தெரியுமா? ஒங்க வீட்டுக்காரரு வந்து என்னத்த வாங்கிக் குடுத்தாரு? ஆளுக்கொரு பீப்பி!' என்றார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அத்தான், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிரித்ததைப் பார்த்து அவர்களும் சிரித்துவிட்டார்கள். அதோடு பாதிச் சண்டை போயிற்று.

அந்த நேரம் எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்று தண்ணீர்க் குழாய்ப் பஞ்சாயத்தைக் கத்தத் தொடங்கினாள். அக்கா எழுந்திருக்கவே இல்லை. வலது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினார்கள். அந்தப் பெண் பாதி வார்த்தையில் நின்றுவிட்டாள். இது என்ன வித்தை என்று கேட்டேன். இருவரும் முன்பு நூல் மில்லில் வேலை பார்த்தவர்களாம். 'மில்லுக்குள்ள ஒருத்தர் பேசுதது ஒருத்தருக்குக் கேக்காதுல்லா. கை உசந்தா மெசின நிறுத்தணும், அம்புட்டுதான். யாரு கைன்னு பாக்கப்பிடாது. மேஸ்திரி கையா இருந்தாலும் சரி, தூத்துப் பெருக்குதவ கையா இருந்தாலும் சரி. எங்க வீட்டுக்காரரும் கடலுக்குப் போகுததுக்கு முந்தி அங்கனதான கெடந்தாக. இன்னிக்கும் வீட்டுல பேச்சு மிஞ்சுனா நான் கையத் தூக்குவேன். டக்குன்னு நின்னுருவாக. எதுக்கு நின்னோம்னு பெறவுதான் யோசிப்பாக' என்றார்கள்.

காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அதன் பிறகுதான் வன்னியராஜ் விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சி அக்காவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை போலிருக்கிறது. நீங்கள் எனக்கு மூன்று வரியாவது எழுதினீர்கள். வன்னியராஜுக்கு அடுத்த தெருதான் வீடு. 'நான் கூட்டிட்டுப் போறேன், நானே கொண்டாந்து விடுதேன்' என்று அவர் அம்மாவிடம் அண்ணாச்சி சொன்னபோது அக்காவும் பக்கத்தில் நின்றார்களாம். அக்கா எழுந்தார்கள். பிறகு அலமாரி மேலிருந்த டேப்ரிக்கார்டரை எடுத்துத் துடைத்து, பாட்டுக் கேசட் ஒன்றை எடுத்து அதன்மேலேயே பேசப் போகிறேன் என்று சொல்லி, என்னையும் பிள்ளையையும் தெருவுக்குப் போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். முதலில் மெதுவாகத்தான் பேசினார்கள். கடைசியில் குரல் ஏறி வெளியே கேட்டது. 'கூட்டிட்டுப் போன அத்தன பேரையும் முழுசாக் கொண்டாந்து விடுங்க. இல்லேன்னா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் இந்தத் தெருவுல நடப்பேன்?'

அந்தக் கேசட்டை இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்கக் கூடாது. அண்ணாச்சியிடம் அப்படியே கொடுங்கள்.

இனி நான் சொல்வதைப் பொறுமையாக வாசியுங்கள். விசில்களை எல்லாம் திருப்பி வாங்கிவிடுங்கள். ஒன்றை மட்டும் பிரிஸில்லாவுக்கு எடுத்து வையுங்கள். அண்ணாச்சி கேசட்டைக் கேட்டு முடிக்கட்டும். பிறகு அவர் அறைக்கு நீங்களே போங்கள், அவரை உங்கள் ஆபீசுக்கு வரச்சொல்லாதீர்கள். மில்லில் கை தூக்கும் பழக்கத்தை ஆட்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள் அண்ணாச்சி என்று கேளுங்கள். உங்கள் சட்டமாக இருந்தால் அவருக்கு எதிராக உயர்கிற கையாகத்தான் அவர்களுக்குத் தெரியும். அவர் சொல்லிக்கொடுத்ததாக இருந்தால் அவர் பேச்சைக் கேட்டுத் தூக்குகிற கை.

முதல் கை உங்களுக்கு எதிராக உயர வேண்டும் அத்தான். தலைக்கவசத்தின் வாரை மாட்டாமல் டெக்கில் ஒருநாள் நடந்து பாருங்கள். அதைப் பார்த்து யாராவது கையைத் தூக்கினால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். ஆபீசரையே நிறுத்தலாம் என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். வார் மட்டும்தான், கேட்டீர்களா? கிரேனுக்குக் கீழே போய் நின்று பரீட்சை வைத்துவிடாதீர்கள்.

கடை வைப்பதைப் பற்றி பம்பாய் மழைக்கு முன் மே மாதம் சீசன் முடிந்து நீங்கள் வந்த பிறகு பேசுவோம். இப்போது வரக் கூடாது. இதை எழுதுகிற கை என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன், இந்தத் தடவை தபாலிலும் போட்டுவிடுவேன்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உங்கள் அன்புள்ள,
யூனிஸ்

*

பாளையங்கோட்டை,
4.3.1996

என் பிரியமான அத்தானுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அத்தைக்கு வாசித்துக் காட்டினேன், சில இடங்களை விட்டுவிட்டு. பிரிஸில்லாவுக்கு விசில் உண்டு என்று சொன்னதிலிருந்து தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறாள்.

கேசட்டை வாங்கிய அண்ணாச்சி மறுநாள் சாப்பாட்டு அறையில் எல்லோரும் கேட்க அவரே அதைப் போட்டுவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அன்னத்தாய் அக்கா திட்டத் திட்ட ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கியதையும், பாதியில் சினிமாப் பாட்டு வந்துவிட்டதையும், 'சிரிக்காதீங்கலே, எல்லாம் ஒங்களுக்கும் சேத்துத்தான் விழுது' என்று அண்ணாச்சி சொன்னதையும் அக்காவுக்குக் கார்டு போட்டுத் தெரிவித்துவிட்டேன். உங்கள் தலைக்கவச வாரைப் பார்த்து முதல் கையை அண்ணாச்சியே தூக்கினாராமே! அவருக்கு அது எவ்வளவு இனித்திருக்கும். தூக்கிக்கொள்ளட்டும், உங்களுக்குக் கொஞ்சம் வேண்டியதுதான்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப வாசித்தது சிலுவை கை தூக்கிய இடத்தைத்தான். கிரேன் பாரம் தூக்கிக்கொண்டிருக்கையில், அண்ணாச்சி முன்னால், சிலுவை கையைத் தூக்கினார். எல்லாம் நின்றது. பாரத்தை இறக்கி, எல்லோரும் பார்க்க அண்ணாச்சி போய்க் கம்பிக்கயிற்றைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இழை பிரிந்தது போல் தெரிந்தது வெறும் கிரீஸ் தீற்று. அந்த வரிக்கு வந்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன் அத்தான். அவ்வளவுதான், சிலுவை இனி ஜென்மத்துக்கும் கை தூக்க மாட்டார் என்று நினைத்தேன். அண்ணாச்சி கையில் ஒட்டிய கிரீஸைச் சிலுவை சட்டையிலேயே துடைத்துவிட்டு, 'நல்லதுலே. ஒண்ணும் இல்லேன்னு இப்பம் தெரிஞ்சிபோச்சுல்லா. நாளைக்கும் தூக்கு' என்றாராம்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் உங்களை வராதீர்கள் என்று சொன்னேன். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு கையாவது உயர்கிறது, பாதிக்கு மேல் ஒன்றுமில்லாத கைகள் என்று எழுதியிருந்தீர்கள். இருக்கட்டும். சபீதாவிடம் சொல்லியனுப்பினேன். சிலுவை இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாராம், அவளுக்குக் கடிதம் வந்ததாம்.

கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தீர்களே, கம்பெனி அடுத்த சீசனுக்கு மூன்று பார்ஜுகளையும் உங்களையே பார்க்கச் சொல்கிறது, ஒப்புக்கொள்ளட்டுமா என்று. ஜூனில் பிரிஸில்லாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதற்கு இருப்பீர்கள். அவளுடைய முதல் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு இருக்க மாட்டீர்கள். இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒப்புக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு பார்ஜிலும் சிலுவைகள் இருப்பார்கள். அவர்களுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். போன அக்டோபரில் நெல்லை ஜங்ஷனில் உங்கள் ரயில் நகர்ந்ததும் நான் கையைத் தூக்கினேன். டாட்டா சொல்கிறேன் என்று நினைத்து நீங்களும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினீர்கள். அன்று நான் ஆட்டவில்லை அத்தான், தூக்கி அப்படியே வைத்திருந்தேன். அடுத்த சீசனுக்கு நீங்கள் கிளம்பும்போதும் என் கை அப்படித்தான் உயரும். ரயிலை விட்டு இறங்கிவிடாதீர்கள். சிலுவை தூக்கியதைப் போல என் கையும் ஒன்றுமில்லாத கையாகவே இருக்கட்டும் என்றுதான் தினமும் முழங்காலில் நிற்கிறேன். ஒவ்வொரு சீசனும் முடிந்து முழுசாக வந்து, 'ஒண்ணும் இல்ல, பாத்துக்கோ' என்று எனக்குக் காட்டிவிட்டுப் போங்கள்.

அது போதும்.

என்றும் உங்கள்,
யூனிஸ்