டிக்கெட்டில் சேராத தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன், உன் பெண், நம் வாயாடியும் வேலைக்குப் போய் வந்துகொண்டு இருக்கிறாள், நீ அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது, நீதான் போனை எடுப்பதில்லையே. எடுத்தாலும் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் எனக்கு அழுகை வந்துவிடும், விடும்மா அப்புறம் பேசலாம்னு நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் கட் பண்ண முடியாது பார். அஞ்சாவதோடு நின்ற கை, எழுத்து மேலும் கீழுமாகப் போகும், நிதானமாகப் படி.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வாயாடி உன்னிடம் போனில் சொன்னாளே, அங்க வந்து என்ன பண்றது, எனக்கு வர இஷ்டமில்லை என்று, அது பொய். நீயும் அதை நம்பி, இத்தனை வருஷம் அம்மாவைப் பாக்காம இருந்தவளுக்கு இனிமேலும் பாக்காம இருக்கத் தெரியும்னு சொல்லிவிட்டு வைத்தாயே, அன்றிலிருந்து இந்த வீட்டில் பேச்சே இல்லை. அவள் வராமல் போனதற்குக் காரணம் நான். முழுசாகப் படித்துவிட்டு, கோபம் வந்தால் என்மேல் கோபப்படு, அவளை விட்டுவிடு.

அவளுக்கா இஷ்டமில்லை? நீ போனபோது பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பெண். உன் பேப்பர் இன்னும் கைக்கு வரவில்லை, நீ அந்த நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இவளுக்கோ இரண்டு தடவை விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் இவள் பிளேனில் வேலைக்குச் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள், அது உனக்கே தெரியும். என்றைக்காவது உன் ஊருக்கு அந்தக் கம்பெனி பிளேன் விடும், வேலை செய்கிறவர்கள் ஒரு ராத்திரி அங்கே ஓட்டலில் தங்குவார்கள், அதற்குத் தனி விசா வேண்டாம், எல்லாம் அவள் போட்ட கணக்கு. கடைசியில் நிஜமாகவே விட்டார்கள். முதல் பிளேனிலேயே அவள் பெயர் இருந்தது. நீயும் லீவு சொல்லிவிட்டு ஓட்டல் வாசலில் வந்து நிற்பதாகச் சொன்னாய். அன்றைக்கு அவள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, பாட்டி, அம்மா என்னைவிட உயரமா குட்டையா, நிஜமாச் சொல்லு என்று கேட்டாள். நீதாண்டி உயரம் என்றேன். அப்படியானா நான் செருப்பைக் கழட்டிட்டுத்தான் கட்டிப்பிடிக்கணும் என்றாள்.

இதற்கு நடுவில்தான் உன் பெரியம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன், கூட ஒரு ஆள் வேண்டும் என்று போன் வந்தது. நான் பஸ்ஸில் போகிறேன் என்றுதான் பையை எடுத்தேன். இவள் விடவில்லை. இடுப்பு விட்டுப்போகும் பாட்டி, என் பிளேன்லயே வா, வீட்டு ஆளுங்களுக்குன்னு கம்பெனி ஒரு டிக்கெட் தருது, ஆனா ஒண்ணு, ஏறின பிறகு நீ யாரோ நான் யாரோ, என் பேத்தின்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாது, பெல் அடிக்கக்கூடாது, எதுவும் கேக்கக்கூடாது, கேட்டா என்னைத்தான் பிடிப்பாங்க, அந்த டிக்கெட்டுக்கு அதுதான் சட்டம் என்று படித்துப் படித்துச் சொன்னாள். சரி சரி என்று தலையாட்டினேன். நான் என்ன பச்சைக்குழந்தையா, வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரியாதா என்று வேறு கேட்டேன்.

பிளேன் உள்ளே நெருக்கம்தான், முட்டி முன்சீட்டில் இடித்தது. அதையெல்லாம் நான் எங்கே கவனித்தேன். தலையை இழுத்துக் கொண்டை போட்டு, கழுத்தில் சின்னத் துணி கட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி வருகிறாள், யார் பெற்ற பெண்ணோ என்று பார்த்தால் நம் பெண். என் பக்கத்தில் ஒரு துணிக்கடைக்காரர். முன்னே ஏதோ பெரிய பிளேனில் போனாராம், அதில் சாப்பாடு, போர்வை, காதில் மாட்டிக்கொள்ளப் பாட்டு, இறங்கும்போது சாக்லேட் வரை கையில் திணித்தார்களாம். இதுல பாருங்கம்மா, தண்ணிக்குக் காசு, போர்வைக்குக் காசு, ஜன்னலோரம் உக்காந்தா காசு, போறபோக்குல மூச்சு விட்டதுக்கும் பில்லு நீட்டுவானுங்க என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் டிக்கெட்டைச் சல்லிசாக வாங்கினதை அவரே சொல்லிப் பெருமைப்பட்டார், அப்புறம் அதே வாயால், டிக்கெட் வாங்கினவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூடாதா என்றும் கேட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். நம் வாயாடி வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது அவள் முதுகைக் காட்டி, இந்தப் பொண்ணுங்க சிரிப்பெல்லாம் சும்மா, தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்கத் தெரியாத வளர்ப்பு என்றார்.

வளர்ப்பு என்றார் அம்மாடி. வளர்த்தது நான் அல்லவா. நம் வீட்டுக்கு மீட்டர் பார்க்க வருகிறவரைக்கூட ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பினது உண்டா, நீயே சொல். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெல் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது, அந்தப் பக்கம் இருந்த காலேஜ் பெண்ணை அழுத்தச் சொன்னேன். இவள் வந்தாள். நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அடியே வாயாடி, சாருக்கு ஒரு பாட்டில் தண்ணி குடு, இவ என் பேத்தி சார், எங்க வளர்ப்பு எப்படின்னு இப்ப பாத்துக்குங்க என்றேன். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை, கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். முடியாது என்று அவள் சொல்லியிருக்கலாம், சொன்னால் அத்தனை பேர் முன்னால் என் தலை குனிந்திருக்கும். திரை மறைவுக்குப் போய் ஒரு பாட்டில் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, வேற ஏதாவது வேணுமா சார் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அப்ப எங்களுக்கு என்று ஒருத்தர். போர்வையும் அப்படியே எடுத்துட்டு வரச் சொல்லுங்க பாட்டி என்று ஒரு அம்மா. எனக்கும் இதே மாதிரி ஒரு பேத்தி வேணும், எங்க கிடைக்கும்னு ஒரு பையன். அங்கே இங்கே பெல்லாக அடிக்கிறது. எங்களுக்குப் பின்னால் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கியிருந்தது. நாங்க மட்டும் இளிச்சவாயங்களா என்று அந்தப் பிள்ளை எழுந்து நின்றுவிட்டான். தண்ணீர் கிடைக்காதவர்கள்கூட அவ்வளவு கோபப்படவில்லை, காசு கொடுத்தவனுக்குத்தான் வயிறு எரிந்தது. பிளேனில் வேலை செய்கிற பெண்களுக்கெல்லாம் மேலான மேடம் ஒருத்தி வந்து, குரலை உயர்த்தாமல் எல்லாரையும் உட்கார வைத்தாள், என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். துணிக்கடைக்காரர் பாட்டிலைக் காலி பண்ணிவிட்டு, நல்ல பொண்ணு என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

நான் பெரியம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் இவள் ஒன்றும் சொல்லவில்லை, போன் பண்ணும்போதெல்லாம் பெரிய பாட்டி காலை மடக்கறாங்களா என்றுதான் கேட்டாள். வீட்டுக்குத் திரும்பி வந்தால் யூனிஃபார்ம் வேறு மாதிரி இருக்கிறது. அந்த ஜோடி கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டது. சொந்தக்காரர்கள் சொன்னால் மட்டும் சும்மா கொடுக்கிறார்கள் என்று. அவளைப் பிளேனிலிருந்து இறக்கி, ஒரு வருஷம் கீழே ஏர்போர்ட்டில் ஆட்கள் பிளேன் ஏறப் போகிற கேட்டில் நில் என்று போட்டுவிட்டார்கள், உன் ஊர்ப் பிளேனில் அவள் இடத்துக்கு வேறு ஒருத்தி. அவளிடம் சொல்லாமல் ஏர்போர்ட்டிலேயே இருக்கிற அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். கண்ணாடி ரூம், சின்ன வயசு ஆபீசர், எழுந்து நின்று உட்காரச் சொன்னார். கேட்டது நான், தண்டனை அவளுக்கா, என் பேரை எழுதிக்குங்க என்றேன். அவர் நல்லமாதிரிதான். அம்மா, உங்க பேத்தி குடுத்தது எங்க பாட்டில்கூட இல்ல, அவங்க குடிக்கறதுக்கு வீட்டுல இருந்து கொண்டுவந்தது, அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க, ஆனா பார்த்தவங்களுக்கு அது தெரியாதே, ஒருத்தருக்கு சும்மா கிடைச்சா நூறு பேர் கேப்பாங்க, உக்கார இடம் மட்டும்தான்னு சொல்லித்தான் நாங்க டிக்கெட்டைக் குறைச்சு விக்கறோம் என்றார். உக்கார மட்டும் இடம் கொடுக்கிறது என்ன மரியாதை என்று கேட்டேன். இது வீடு இல்லம்மா என்றார். சொல்லிவிட்டு எனக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றி வைத்தார். நான் தொடவில்லை.

வெளியே வரும்போது கண்ணாடிச் சுவர் வழியாக அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு இரும்புக் கூண்டு மாதிரி வைத்திருக்கிறார்கள், பை அதற்குள் போகாவிட்டால் காசு கட்ட வேண்டும். ஒருத்தர் பையை உதைத்து உதைத்து உள்ளே தள்ளப் பார்க்கிறார், போகவில்லை, எல்லாத்துக்கும் காசு, நீ சிரிக்கறதுக்கும் சேத்து வாங்கிக்கோ என்று அவள் முகத்துக்கு நேராகக் கத்துகிறார். நம் வாயாடி, ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்லுகிறவள், மன்னிச்சிடுங்க சார் என்கிறாள். உள்ளே போய் அவர் கையைப் பிடிக்கலாமா என்று வந்தது. ஏற்கெனவே ஒரு தடவை அவளுக்காகப் பேசினது போதும் என்று திரும்பிவிட்டேன்.

அவள் உன்னிடம் அந்தப் பொய்யைச் சொன்னபோது நான் அடுக்களையில் இருந்தேன். ஏண்டி இப்படிச் சொன்னே, பாட்டிதான் கெடுத்துட்டான்னு சொல்லவேண்டியதுதானே என்று சத்தம் போட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன்னாலன்னு தெரிஞ்சா அம்மா உன்கூடப் பேசமாட்டாங்க பாட்டி, நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தா நடுவுல நான் எங்க போய் நிக்கறது, என்மேலன்னா அவங்க கோபம் சீக்கிரம் ஆறிடும் என்றாள். ஆறவில்லையே அம்மாடி. போன் மணி அடிக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறாள், நீ இல்லை என்றதும் ஒன்றுமே நடக்காத மாதிரி பாத்திரத்தை எடுத்து வைக்கிறாள்.

பெரியம்மா இப்போது கோலை ஊன்றிக்கொண்டு வாசல்வரை நடக்கிறாள், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கீழ்வீட்டுத் தையல்காரி பெண் பெற்றிருக்கிறாள், இரண்டு பேரும் நலம். குளியலறைக் குழாய் சொட்டினது, ஆள் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனார். துணி தேய்க்கிறவர், பேத்தி எந்த நாட்டுல பறக்குதுங்கம்மா என்று வழக்கம்போலக் கேட்டார், இப்போ ஆபீசில் உயர்த்தியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். என் வாய் இன்னும் அடங்கவில்லை, பார். உன் மூட்டுவலிக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்கிறாயா, அங்கே மாடிப்படி ஏறாமல் இருக்க வழியில்லையா என்று எழுது. வேலை செய்கிற வீட்டில் மிஞ்சினதைச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளைக் கூப்பிடு. மத்தியானம் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்காருவாள், அந்த நேரம் பார்த்துக் கூப்பிடு. நான் எழுதினதைச் சொல்லாதே, ஏன் பொய் சொன்னாய் என்றும் கேட்காதே. நல்லா இருக்கேம்மா என்பாள், வேலை பரவாயில்லை என்பாள், சரி வெச்சிடட்டுமா என்பாள். அங்கேதான் நீயும் நானும் எப்போதும் சரி என்றுவிடுகிறோம். நீ சரி என்று சொல்லாதே. ஒன்றும் பேச வேண்டாம், வைக்காமல் மட்டும் இரு. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமே இருக்காது, லைன் போய்விட்டதோ என்று உனக்குத் தோன்றும், போயிருக்காது. அதற்கப்புறம் அவள் அழுவாள். இத்தனை நாளாக என் எதிரில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, விட்டால் நான் உடைந்துபோவேன் என்று பயம் அவளுக்கு. அவள் அழுது முடிக்கிறவரைக்கும் நீ கேட்டுக்கொண்டு இரு. நான் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுகிறேன்.

உனக்கு நோய்நொடி வராமல், பேப்பர் சீக்கிரம் கைக்கு வந்து, நீ நிமிர்ந்து நடந்து இந்த வாசலுக்கு வர வேண்டும், நான் கண்ணை மூடுவதற்குள் வர வேண்டும் என்று வாழ்த்துகிறேன். மறந்துவிடாதே, மத்தியானம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள், அவளை வளர்த்தவள்,
அம்மா