தானாகப் பட்ட மரங்கள்

ஜூலை 9
வாசல் தூங்குமூஞ்சி மரம் இலையைக் கொட்டித் தள்ளுகிறது. பெருக்கிப் பெருக்கி இடுப்பு ஒடிந்துவிட்டது. உதிர்கிற காலமும் இல்லையே. தம்பியிடம் சொன்னேன். "அதுக்கு வயசாயிடுச்சுக்கா," என்றான், போனிலிருந்து தலையைத் தூக்காமல். அவனுக்கென்ன, வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட வேண்டும். மரம் நிற்கிற இடத்தில்தான் கார் நுழைய வழி வருமாம்.

ஜூலை 12
இன்னும் கொட்டுகிறது. நாலு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

ஜூலை 15
அடிமரத்தில் டிரில் போட்ட ஓட்டைகள். களிமண்ணால் அடைத்திருந்தது. நோண்டினால் ஆசிட் நெடி. எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் ஓடினேன். சிரிக்கிறார்! "இதுக்கா பதறுற? எங்க மரம் எப்படிப் போச்சுன்னு நெனச்சே? டாக்டர் வீட்டு மரம்? எல்லாத்துக்கும் இதே வைத்தியம்தான்."

அப்பா காலத்தில் இங்கே மனை வாங்கியவர்கள் கூடிப் பேசி வைத்தது: வீட்டுக்கு ஒரு மரம், உயிரோடு இருக்கும்வரை வெட்டக்கூடாது. பிறகு நகராட்சியும் அதையே சட்டமாக்கியது. செத்ததை வெட்டலாம். அதனால் சாகடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் "ஐயோ, பட்டுப்போச்சே" என்று உருகினேனே, என்னைப் போல மக்கு உண்டா!

ஜூலை 16
தம்பியைக் கேட்டேன். மழுப்பவே இல்லை. "ஆமா, நான்தான். நகராட்சி அதிகாரிகிட்ட சொல்லி என்னை உள்ள தள்ளப் போறியா?"
பாவி, இடுப்புல தூக்கி வளர்த்தேனேடா உன்னை! அவனை விட்டால் எனக்கு யார்? சொன்னால் அவன் போவான். சொல்லாவிட்டால் மரம்.

ஜூலை 24
மரம் பட்டுவிட்டது, வெட்ட வேண்டும் என்று தம்பி மனு போட்டிருந்தான்; பார்க்க நகராட்சி அதிகாரி வந்தார். ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார். "யாராவது ஏதாச்சும் பண்ணீங்களாம்மா?"
தம்பி தரையைப் பார்த்தான்.
"இல்ல சார். தானாத்தான் பட்டுச்சு," என்றேன்.
"இந்தத் தெருவுல எல்லாமே தானாத்தான் சாகுது." வண்டியில் ஏறும்போது சொன்னார்: "வெட்டறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பார்ப்பேன். துளிர் விட்டிருந்தா வெட்ட விடமாட்டேன். விசாரணைதான்."

ஜூலை 25
சாப்பாடு இறங்கவில்லை. தம்பி மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 6
இன்று அதிகாரி வருகிற நாள். வாசல் பெருக்கப் போனேன். வேருக்குப் பக்கத்தில் இரண்டு துளிர் — இளஞ்சிவப்பாக, பிசுபிசுவென்று. பிழைத்துக்கொண்டது! சந்தோஷத்தில் தம்பியைக் கூப்பிட வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.
தெருவில் யாரும் இல்லை. இரண்டையும் கிள்ளி, சருகோடு சேர்த்துக் கூட்டினேன்.
தம்பி பல் தேய்த்துக்கொண்டே வந்தான். "என்னக்கா அது?"
"குப்பைடா," என்றேன்.