உனக்காக நான் சொன்ன வாக்கியம்

அக்கா,

இதை யாரிடமும் காட்டிவிடாதே. இனி உன்னால் யாரிடமும் எதையும் காட்ட முடியாது என்று தெரிந்துதான் கெஞ்சுகிறேன். நீ இருக்கும் இடத்தில் உன்னோடு யார் இருந்தாலும் அவர்களுக்கும் வேண்டாம்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உன் நீல டப்பில் வெந்நீர் ஊற்றி ஒரு பிடி கல் உப்பைப் போட்டேன். ஆவி முகத்தில் பட்டதும் நீ வந்துவிட்டாய். உப்புக்கு வாசனை கிடையாது என்பார்கள். சூடான பிளாஸ்டிக்கோடு சேர்ந்தால் உண்டு என்பது நம் இரண்டு பேருக்குத் தெரியும். உன் அண்ணன் வந்து எங்கள் மாடி அறையைக் காலி செய்தபோது பெட்டி, பாய், மிக்சி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். டப் மட்டும் குளியலறையில் கவிழ்ந்து கிடந்தது. அம்மா இப்போது அதில் துணி ஊறவைக்கிறாள். நீ அதை எதற்கு வாங்கினாய் என்று அவளுக்குத் தெரியாது.

உனக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறது அக்கா. அதே இடத்தில். முதலில் பட்டாணி அளவுதான், வலிகூட இல்லை. இப்போது நெல்லிக்காய் போல வீங்கிவிட்டது. வகுப்பில் ஒரு பக்கமாகத்தான் உட்கார்கிறேன். "என்னம்மா நெளியிற, பெஞ்சுல எறும்பா?" என்று கணக்கு மிஸ் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீயும் இப்படித்தான் சிரித்து மறைத்தாய். பேக்டரி லைனில் நாள் முழுக்க நின்று வேலை செய்தவர்கள் கம்பெனி பஸ்ஸில் சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள். நீ மட்டும் ஒரகடத்திலிருந்து எங்கள் தெருமுனை வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாய். "காத்து நல்லா வருதுட்டீ" என்று என்னிடம் சொன்னாய். பிறகு மாடிப்படியில் ஒவ்வொரு காலாக, பக்கவாட்டில் ஏறினாய்.

கட்டி வந்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவது உங்கள் சங்கரன்கோவில் பக்கத்திலும் உண்டு, எங்கள் பக்கத்திலும் உண்டு. முதுகில் வந்தால் என்ன, அங்கே வந்தால் என்ன, கட்டி கட்டிதானே என்று நீ நினைத்துவிட்டாய். பெட்டிக்கடைச் சுண்ணாம்பை அந்த மெல்லிய தோலில் தடவிவிட்டு, துண்டை வாயில் கடித்துக்கொண்டு சுவரோடு நின்றாய். "வெந்து போச்சு பிள்ளே. யார்ட்டயும் சொல்லிராத, என்ன?" என்றாய். அன்றைக்குத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது.

அதன் பிறகு வெந்நீர் மட்டும்தான். கை தாங்குகிற சூட்டில் நீ டப்பில் உட்கார்ந்திருப்பாய். நான் கதவுக்கு வெளியே புத்தகத்தோடு காவல். உன் அறைத் தோழி ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் தட்டுவாள்.

"உள்ள யாரு?"

"அக்கா தலைக்குக் குளிக்குது."

"தெனமும் தலைக்கா? ஏட்டி, ஒனக்குச் சளி பிடிக்கப் போவுது பாத்துக்க!"

நீ உள்ளேயிருந்து பொய்யாக இரண்டு தும்மல் போடுவாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

ஆனால் குழாயடியில் கேட்டது சிரிக்கும்படி இல்லை. "கல்யாணம் ஆவாத பொண்ணு, இன்னா நடை இது?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டாள். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டே, "வூட்ட வுட்டுட்டு வந்து தனியா கீற பொண்ணுங்க. நமக்கு இன்னா தெரியும்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதை நான் உன்னிடம் கடைசி வரை சொல்லவில்லை. அந்த ஒரு வரிதான் இப்போது என் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. உன் நடையைப் பார்த்து அப்படிச் சொன்னவள் என் நடையைப் பார்த்து என்ன நினைப்பாள்?

உனக்குக் காய்ச்சல் வந்த பிறகுதான் படப்பை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஷேர் ஆட்டோவில் எனக்கு மடியில் இடம் கொடுக்க முடியாமல், நீயே இருக்கையின் விளிம்பில் தொங்கிக்கொண்டு வந்தாய். "டாக்டரம்மாட்ட என்னத்தச் சொல்ல?" என்று என் காதில் கேட்டாய். வழி முழுக்க இரண்டு பேரும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தோம். "கீழ ஒரு கட்டி. உக்கார முடியல. காய்ச்சலும் இருக்கு." பரீட்சைக்கு மனப்பாடம் செய்வதுபோல.

அங்கே போனதும் உனக்கு நாக்கு எழவில்லை. டாக்டரம்மா உன்னைப் பார்க்கிறார், நீ தரையைப் பார்க்கிறாய். நான் எழுந்து நின்று அந்த வாக்கியத்தை ஒப்பித்தேன். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "அங்க ஒரு சுரப்பி இருக்கும்மா. அதோட வாய் அடைச்சுக்கிட்டா இப்படி வீங்கும். கல்யாணம் ஆனவங்களுக்கும் வரும், ஆகாதவங்களுக்கும் வரும். உடம்புச் சூடும் இல்ல, யாரு செஞ்ச தப்பும் இல்ல. வெந்நீர்ல உக்காந்தது நல்லதுதான். சுண்ணாம்பு வைக்கச் சொன்னது யாரு?" என்றார். நீ என்னைப் பார்த்தாய், நான் மின்விசிறியைப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் அவர் சீழை எடுத்துவிட்டபோது உன் ஒற்றை முனகல் கேட்டது. பிறகு ஒரு நீண்ட மூச்சு. அப்படி ஒரு மூச்சை அதற்கு முன் உன்னிடம் கேட்டதில்லை.

வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கித் தந்தாய். "எனக்கு வாய் பூட்டிக்கிச்சு. ஒனக்கு நல்ல வாயிட்டீ" என்றாய். திரும்பும்போது ஆட்டோவில் நீ நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாய். அதைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் புறப்பட்டாய். நீ போன பஸ் ஊர் போய்ச் சேரவில்லை. செய்தி வந்த அன்று அம்மா மாடிக்குப் போய் உன் அறை வாசலைக் கூட்டி, விளக்கு ஏற்றி வைத்தாள். அவளும் குழாயடியை நினைத்தாளோ என்னவோ.

நானும் வெந்நீரை நம்பித்தான் இருந்தேன் அக்கா. இன்று மாலையிலிருந்து உடம்பு கொதிக்கிறது. போர்வைக்குள்ளும் நடுங்குகிறது. "வெந்நி வலியத் தாங்கும், காய்ச்சலத் தாங்காது. காய்ச்சல் வந்தா ஓடிரணும்" என்று டாக்டரம்மா சொன்னதை உன் பாஷையில் அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பாய். ஓடுவதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்ல வேண்டுமே. உனக்காக எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வாக்கியம். எனக்காக என்றால் ஏன் வரமாட்டேன் என்கிறது?

நீ விட்டுப்போனதில் டப் அம்மாவுக்கு, வாக்கியம் எனக்கு. அது இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். கீழ ஒரு கட்டி. உக்கார முடியல. காய்ச்சலும்

கதவைத் தட்டும் சத்தம். அம்மாதான்.

"தூங்கலியாடி? ஒரு வாரமா டப்பு ஈரமாவே கீது, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினியா? வெந்நீ கொண்ணாந்துகீறேன். கதவத் தொற."

அக்கா, நான் சொல்லப்போ