குடிக்காத அண்ணனுக்குக் கட்டிய கயிறு

அண்ணா,

பீரோவின் அடித்தட்டிலிருந்து இன்று காலையில் உங்கள் மஞ்சள் பையை எடுத்தேன். ஆறு வருஷமாக முடிச்சை அவிழ்க்காமல் கிடந்த பை. அவிழ்த்ததும் ஆஸ்பத்திரி வாடை குப்பென்று அடித்தது. உள்ளே உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஒரு சீப்பு, அப்புறம் அந்தச் சிவப்புக் கயிறு. குளுக்கோஸ் ஏற்ற இடைஞ்சலாக இருக்கிறதென்று நர்ஸ் உங்கள் மணிக்கட்டிலிருந்து கத்தரித்து என்னிடம் கொடுத்த கயிறு.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். என் மூத்தவளுக்கு இது மூன்றாம் மாசம். சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹெபடைடிஸ் பி என்று வந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் பார்த்தார்கள். எனக்கும் இருக்கிறது. அவளுக்கு எட்டு வருஷம் கழித்துப் பிறந்த சின்னவனுக்கு மட்டும் இல்லை. எனக்குத் தலையில் இடி விழுந்தது போல ஆகிவிட்டது. ஒரு காய்ச்சல், தலைவலி என்று படுத்தவளா நான்? "எனக்கு எப்படிங்க வரும்? நான் என்ன கெட்ட வழிக்குப் போனவளா?" என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே.

அந்தம்மா கோபப்படவில்லை. "யாரும் எங்கயும் போகலீங்க. உங்கம்மா உங்களைப் பெத்தப்பவே வந்திருக்கும். அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. நாப்பது வருஷம் சத்தமில்லாம உள்ளயே கெடக்கும். உங்க பையன் பொறந்தப்ப தடுப்பூசி வந்திருச்சு, தப்பிச்சுட்டான். இப்பெல்லாம் சின்னப் புள்ளைங்களுக்கு ரொம்பக் கம்மிங்க. உங்க வயசுக்காரங்கதான் தெரியாமயே வெச்சுட்டுத் திரியறீங்க" என்றார். பிறகு, "கூடப் பொறந்தவங்க யாராச்சும் ஈரல் கெட்டு எறந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"எங்கண்ணன் இருந்தாருங்க. ஆனா அவரு குடிச்சு..." என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் பீரோவில் கிடக்கும் உங்கள் பை நினைவுக்கு வந்தது.

மண்ணரைப் பக்கம், வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் தனியாக இருந்தீர்கள். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மத்தியானத்துக்கு மேல் நிற்க முடியாமல் டேபிளுக்கு அடியில் உட்கார்ந்துவிடுகிறார், கண் மஞ்சளடித்திருக்கிறது என்று ஆளாளுக்கு வந்து என்னிடம் சொன்னார்கள். கல்யாணமாகாத ஆம்பளை, தனியாக இருக்கிறார், ஈரல் கெட்டிருக்கிறது. வேறென்ன இருக்கும்? நானே முடிவு கட்டிவிட்டேன். குண்டடம் பக்கம் கருப்பராயன் கோயிலுக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனேன். குடியை விடுகிறவர்கள் சத்தியம் பண்ணிக் கயிறு கட்டிக்கொள்கிற கோயில். வரிசையில் உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் சரக்கு வாடை. நடுவில் சலவை வேட்டியோடு நீங்கள்.

"தொட்டிருந்தாத்தான கண்ணு, உடறதுக்கு?" என்றீர்கள்.

"சாமி முன்னால பொய் பேசாதீங்ண்ணா!" என்று வரிசையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

நீங்கள் கையை நீட்டினீர்கள். "கட்டுங்க பூசாரி. அவ நிம்மதியா இருந்தாச் செரி."

கயிறு கட்டியும் வயிறு வீங்கிக்கொண்டே போனது. சத்தியத்தை மீறிவிட்டீர்கள் என்று அதற்கும் திட்டினேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸ் உங்களைப் பார்த்துத்தான் கேட்டது, "குடிப்பீங்களா?" என்று. நீங்கள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஆமாங்க, ரொம்ப வருஷமா." நர்ஸ் எழுதிக்கொண்டது. நீங்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். உங்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பெரிய டாக்டர் தாள்களைக் கொடுத்து, "கூடப் பொறந்தவங்க ரத்தம் பாத்துக்குங்க" என்றார். குடிக்காத எனக்கு எதற்கு என்று பையில் திணித்து முடிச்சுப் போட்டவள் நான்.

இன்று என் தாளையும் உங்கள் தாளையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கம்பெனியில் லேபிள் செக்கிங் என் வேலை. இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் ஓர் எழுத்து மாறியிருந்தால் பிடித்துவிடுவேன். டாக்டரம்மா என் தாளில் நோயின் பேருக்குக் கோடு போட்டுக் காட்டியிருந்த வரியை உங்கள் தாளிலும் தேடி, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை அண்ணா. ஐயோ, ஆறு வருஷம் என் துணிகளுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, என் மகளின் சீட்டில் தாய்மாமனுக்கும் இருந்தது என்று எழுதினார். "அவரு ஒரு சொட்டுக் குடிச்சதில்லீங்க. அதையும் எழுதுங்க" என்றேன். "அது வேண்டியதில்லீங்களே" என்றார். "எழுதுங்கம்மா" என்று அழுதேன். எழுதினார். பேரப்பிள்ளை பிறந்ததுமே இரண்டு ஊசி போட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடுமாம். எனக்கு மாத்திரை வேண்டுமா என்று இன்னும் ஒரு பரிசோதனை பார்த்துச் சொல்வார்களாம்.

கயிற்றை என் டிபன் பையில் வைத்திருக்கிறேன். தூக்கிப் போட மனசு வரவில்லை. நாளைக்கு என் கண் மஞ்சளடித்தாலும், வயிறு வீங்கினாலும், குடிப்பீங்களா என்று என்னை யாரும் கேட்கப் போவதில்லை. பொம்பளை என்பதால் நம்பிவிடுவார்கள். நீங்கள் வாயைத் திறந்தே சொன்னீர்கள், சாமி முன்னால் சொன்னீர்கள். கூடப் பிறந்த நான் நம்பவில்லை.